ஆற்றுதலும் அளவையும்

ஒரு சாஸ்திரம் முதிர்ச்சி பெற்றதோ அன்றோ என்பதை அதன் வெற்றிகளைக் கொண்டு அறிதல் அரிது. தன் தோல்விகளை அது எழுதி வைக்கின்றதா, எழுதியதைப் பிறர் படிக்கக் கொடுக்கின்றதா என்று கேட்டால் விடை விரைவிற் கிடைத்துவிடும். உள்ளத்து நோய்களைச் சொல்லாலும் உறவாலும் பயிற்சியாலும் தீர்க்க முயலும் உளச்சிகிச்சைத் துறை இந்தக் கேள்விக்கு முகங்கொடுக்கத் தொடங்கியது சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான். 1987ஆம் ஆண்டு மே மாதத்துப் படைநடவடிக்கையையும், அதன் முன்னும் பின்னும் நேர்ந்த இடப்பெயர்வுகளையும், 2004 டிசம்பர் 26ஆம் நாட் கடற்கோளையும், 2009இல் முடிந்த போரின் இறுதி மாதங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட வடமராட்சி மக்களுக்கு, இத்துறையிலே எத்தனை பள்ளிகள் உள, அவை ஒவ்வொன்றும் எந்தப் பிரமாணத்தால் மெய்யென்று கொள்ளப்படுகின்றன என்பதை அறிதல் ஓய்வுநேரக் கல்வியன்று. நெல்லியடியிலும் கரவெட்டியிலும் உளவளத்துணை என்பது இன்று பாடசாலை மாணவரும் அறிந்த சொல். அதனாற் பயன் யாது, எவ்வளவு, யாருக்கு என்ற விசாரணையோ இன்னும் ஊருக்குள் வந்து சேரவில்லை.

அளவை பற்றிப் பேசுதல் நமக்குப் புதிதுமன்று. சிவஞானசித்தியாரைப் பாடங்கேட்டவர்கள் பதி, பசு, பாச விசாரத்திற் புகுமுன் அளவை இயலைக் கடந்தே சென்றிருப்பர். காட்சி, கருதல், உரை என்னும் மூன்றையும் பிரமாணமாகக் கொண்ட அம்மரபு, காட்சியென்று நாம் நம்பியிருப்பதிலும் ஐயமும் திரிபும் கலந்திருக்கக்கூடுமென எச்சரித்தே மேற்செல்லும். உளச்சிகிச்சையிலே இந்தத் திரிபுக்காட்சி மிக எளிதாக நேர்ந்துவிடும். நெஞ்சுக்குள் ஏக்கமும் பெருமூச்சும் நித்திரையின்மையுமாக ஒருவர் வருகின்றார். ஆறு வாரம் துணையாளரோடு பேசுகின்றார். ஆறாம் வாரத்திலே முகந்தெளிந்து, "இப்ப பறவாயில்லை, ஐயா" என்கின்றார். துணையாளர் தம் கண்ணாற் கண்டது இது. ஆயினும், துன்பம் உச்சத்தில் இருக்கும்போதே மனிதர் உதவி நாடி வருவர் என்பதும், உச்சத்தில் நின்ற துன்பம் எவர் கையும் படாமலே ஓரளவு தணியும் என்பதும், உதவியவர் மனம் நோகக்கூடாதென்று குறையைக் குறைத்துச் சொல்லுதல் நம்மவர் பண்பு என்பதும், குணப்படாதவர் இரண்டாம் முறை வாராமையால் அவர் கணக்கிலேயே சேர்வதில்லை என்பதும் அவர் கண்ணுக்குப் புலப்படா. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பதை நாம் பழமொழியாகச் சொல்லிவிட்டுப் போகின்றோம். காகம் இராத பனையிலும் பழம் விழுகின்றதா என்று எண்ணிப் பார்ப்பதே சோதனை முறையின் சாரம்.

அவ்வாறு எண்ணிப் பார்த்தவர்களுள் மூத்தவர்கள் 1784இலே பாரிசில் இருந்தார்கள். உயிர்களிடத்தே ஓடும் காந்தசக்தி ஒன்றைத் தாம் செலுத்தி நோய் தீர்ப்பதாக மெஸ்மர் என்னும் வைத்தியர் பெரும்புகழ் ஈட்டியிருந்த காலத்தில், அதனை ஆராயும்படி பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி ஒரு குழுவை நியமித்தான். பெஞ்சமின் பிராங்கிளினும் இரசாயன மேதை லவாசியேயும் அதில் அங்கத்தவர். மெஸ்மரின் சீடர் ஒருவர் பிராங்கிளினின் தோட்டத்திலே ஒரு மரத்திற்குக் காந்தமேற்றினார். கண்ணைக் கட்டிய சிறுவன் ஒருவனைக் காந்தமேறாத மரங்களிடத்தே ஒவ்வொன்றாக அழைத்துச் சென்றபோது, அவன் நான்காம் மரத்தடியிலே மூர்ச்சித்து விழுந்தான். மூர்ச்சை உண்மை; அதற்குச் சொல்லப்பட்ட காரணம் உண்மையன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டிய அந்தப் பிற்பகலை இத்துறையின் சரித்திரத்திலே முதலாவது பெருநிகழ்ச்சியாக நான் கருதுகின்றேன்.

பள்ளிகளை விரித்துரைக்க இங்கே இடமில்லை. பெயர் சொல்லி மேற்செல்வோம். நனவிலி மனத்தைத் தோண்டிப் பார்க்கும் பிராய்டின் உளப்பகுப்பு மரபு வியன்னாவிலே தோன்றி, 1922இலேயே கிரீந்திரசேகர் போஸ் என்பாரால் கல்கத்தாவில் சங்கமாக நிலைபெற்றது. அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொண்டு பழகச் செய்யும் நடத்தைச் சிகிச்சை வோல்ப் முதலியோரால் 1950களில் உருவாயிற்று. நோயாளியை நிபந்தனையின்றி ஏற்று, அவர் நோக்கில் நின்று கேட்டலே போதுமென்றார் கார்ல் ரொஜர்ஸ். நோயாளியின் எண்ணங்களைப் பரிசீலித்துத் திருத்தும் ஆரன் பெக்கின் முறை 1960களிலே எழுந்து, நடத்தைச் சிகிச்சையோடு கலந்து, இன்று உலகிலே மிகுதியாகச் சோதிக்கப்பட்ட முறையாக நிற்கின்றது. ஒவ்வொரு பள்ளியும் தன் குருவின் உரையையே நெடுங்காலம் பிரமாணமாகக் கொண்டிருந்தது.

1952இலே ஹான்ஸ் ஐசெங்க் எழுதிய சிறு கட்டுரை ஒன்று இந்த அமைதியைக் குலைத்தது. நரம்புத்தளர்ச்சி வகை நோயுற்றோரில் ஏறக்குறைய மூன்றில் இருபங்கினர் முறையான உளச்சிகிச்சை எதுவுமின்றியே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகின்றனர். சிகிச்சை பெற்றோரின் நிலை அதனினும் மேலானதென்று காட்டச் சான்றில்லை என்றார் அவர். அவர் கணக்கிலே குறைகள் இருந்தன. பின்வந்தோர் அவற்றை எடுத்துக்காட்டினர். ஆயினும் கணக்குக் கேட்ட உபகாரம் அவருடையது. 1977இலே மேரி லீ சிமித், ஜீன் கிளாஸ் என்னும் இருவர் 375 ஆய்வுகளைத் திரட்டி ஒருங்கு கணித்து விடை கூறினர்: சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், சிகிச்சை பெறாதோரில் நூற்றுக்கு 75 பேரைவிட நல்ல நிலையில் இருக்கின்றார். அதே கணக்கு இன்னொன்றையும் சொல்லிற்று: பள்ளிக்கும் பள்ளிக்கும் இடையே அவரவர் வாதிட்ட அளவிற்கு வேறுபாடு காணப்படவில்லை. 1936இலேயே ரோசென்சுவைக் இதனை ஊகித்து, ஓடிய எல்லார்க்கும் பரிசளிக்கத் தீர்ப்புச் சொன்ன டோடோ என்னும் கதைப்பறவையின் வாக்கால் சுட்டியிருந்தார். சில அச்சநோய்களில் அஞ்சியதை எதிர்கொள்ளச் செய்யும் முறைகளே மேலானவை என்று வாதிடும் ஆய்வாளரும் பலர் உளர். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

பள்ளிகள் வேறுபட்டும் பயன் ஒத்திருப்பதேன்? 1961இலே 'வற்புறுத்தலும் குணமாக்கலும்' என்னும் பொருள்படத் தலைப்பிட்ட நூலிலே ஜெரோம் பிராங்க் விடையொன்று பகர்ந்தார். நம்பிக்கைக்குரிய ஒருவரோடு மனந்திறக்கும் உறவு, குணமாவதற்கென்றே ஒதுக்கிய இடம், துன்பத்திற்கு ஏற்றுக்கொள்ளத்தக்க ஒரு விளக்கம், அவ்விளக்கத்திற்கு இசைந்த ஒரு கிரியை என்னும் நான்கும் எங்கே கூடுகின்றனவோ அங்கே மனச்சோர்வு நீங்கி நம்பிக்கை மீளும் என்பது அவர் கொள்கை. வள்ளுவர் மருந்து அதிகாரத்திலே, நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைசெய்பவன் என்று வைத்தியத்தை நான்காக வகுத்ததை இவ்விடத்திலே நினையாதிருத்தல் தமிழர்க்கு இயலாது. மருந்து நான்கில் ஒன்றுதான்.

இந்த நோக்கிலே பார்த்தால், பார்வை பார்த்தல், நூல் கட்டுதல், நேர்த்திக்கடன், பரியாரியாரின் எண்ணெய் என்று நம்மிடையே வழங்கிய முறைகளைப் பரிகசித்தல் தகாது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலே ஆலிலையிற் படைத்த அன்னத்தை மருந்தெனக் கொள்ளும் அடியார்களின் அநுபவத்தைப் பொய்யென்று தள்ளுவதற்கு எந்த விஞ்ஞானிக்கும் அதிகாரமில்லை; சோதித்துப் பார்க்கவே அதிகாரமுண்டு. தமிழ்நாட்டிலே அப்படி ஒரு சோதனை நடந்திருக்கின்றது. திண்டுக்கல் மாவட்டத்து முத்துசுவாமி கோயிலிலே வந்து தங்கிய கடுமையான மனநோயாளர் 31 பேரை, பெங்களூரைச் சேர்ந்த ரகுராமும் அவர் தோழரும் ஆராய்ந்து 2002இல் வெளியிட்டனர். அங்கே மருந்தில்லை, மந்திரச்சடங்கென்று பெரிதாக ஒன்றுமில்லை. கோயிற் பணிகளில் இலகுவானவற்றைச் செய்துகொண்டு, உறவினர் ஒருவர் துணையோடு, சராசரி ஆறு வாரம் தங்குவர். நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு அவ்வாய்விலே இல்லாமையால் இதனை இறுதி முடிவாகக் கொள்ளலாகாது. ஆனால் ஆதரவான சூழல் தன்னளவிலேயே ஏதோ செய்கின்றதென்று ஐயுறப் போதுமானது. அதே தமிழ்நாட்டிலே, ஏர்வாடியிலே, 2001 ஓகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலை தீப்பற்றியபோது, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் ஓடவொண்ணாது மாண்டனர். இரண்டும் தலத்தை நம்பி வந்தவர்களின் வரலாறே. நம்பிக்கை ஒன்றையே அளவையாகக் கொண்டால் இவ்விரண்டையும் வேறுபடுத்த நம்மிடம் கருவியில்லை.

யாழ்ப்பாணத்திலே இந்த வேறுபாட்டை அறிந்து, மரபையும் அளவையையும் ஒருசேர மதித்தவர்களுள் முதலில் வைத்தெண்ணத்தக்கவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். போர்க்காலத்தே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உளமருத்துவம் போதித்த அவர், 'மனவடு' என்ற நூலைத் தமிழிலே எழுதினார். 1998இலே ஆங்கிலத்திற் பெருநூலொன்றை வெளியிட்டார். தலையிடி, நெஞ்சுநோ, உடல் எரிவு, பெருமூச்சு என்று உடம்பின் மொழியிலே துக்கத்தைச் சொல்பவர்களின் மொழியை அவர் திருத்த முனையவில்லை, அதனையே கேட்டார். தளர்வுப் பயிற்சியிலே சைவருக்கு அவர்தம் மந்திரம், கத்தோலிக்கருக்குச் செபமாலை, இஸ்லாமியருக்குத் திக்கிர், பௌத்தருக்குச் சரணம் என்று அவரவர் சமயத்தினின்றே சொல்லெடுத்துக் கொடுத்தார்.

கடற்கோளுக்குப்பின் நடந்தவற்றைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். வல்லிபுரத்துக்கு அப்பால், வெண்மணற் குன்றுகளுக்கிடையே கடலைப் பார்த்துக் கிடக்கும் மணற்காட்டிலும், தெற்கே காலி, கொஸ்கொட என்னும் இடங்களிலுமாக 264 சிறுவரை, அலையடித்த சில வாரங்களுள் ஜெர்மானிய உளவியலாளர் பிராங்க் நொய்னரும் அவர் தோழரும் விசாரித்தனர். நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோயின் குறிகள் இடத்திற்கு இடம் நூற்றுக்கு 14 முதல் 39 வரையானவரிடம் காணப்பட்டன. இதன் தொடர்ச்சியாக வடகிழக்குக் கரையோர முகாமிலே 31 சிறுவர் இரு பிரிவாக்கப்பட்டனர். எவர் எப்பிரிவு என்பதை வைத்தியர் விருப்பமோ பெற்றார் விருப்பமோ தீர்மானிக்கவில்லை. திருவுளச்சீட்டுப் போன்ற முறையே தீர்மானித்தது. ஒரு பிரிவினர்க்குக் கதையுரைப்புச் சிகிச்சை ஆறு அமர்வு. மறுபிரிவினர்க்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும் ஆறு அமர்வு.

கதையுரைப்புச் சிகிச்சை நடக்கும் விதம் நேரிற் பார்ப்பார் மனத்தை உருக்குவது. தரையிலே ஒரு கயிறு நீட்டப்படும். அது பிள்ளையின் ஆயுள். பிறந்தது முதல் இன்றுவரை நல்லது நடந்த இடத்திலே ஒரு பூவும், கெட்டது நடந்த இடத்திலே ஒரு கல்லும் பிள்ளை தன் கையாலேயே வைக்கும். சுருண்டு கிடக்கும் கயிற்றின் மிச்சம் இனி வரப்போகும் வயது. பின்னர் அமர்வுதோறும் ஒழுங்காகக் கதை சொல்லப்படும். கல்லிருக்கும் இடத்திலே விரைந்து கடவாது, என்ன கண்டாய், என்ன கேட்டாய், உடம்பு எப்படி இருந்தது என்று துணையாளர் மெல்லக் கேட்பார். பிள்ளை சொன்னதை எழுதி அடுத்தமுறை வாசித்துக் காட்டுவார். ஈற்றிலே முழுக்கதையும் எழுத்திலே பிள்ளையின் கையில் கொடுக்கப்படும். சிதறிய நினைவு காலமும் இடமும் பெற்றுக் கடந்தகாலமாக அமையும் என்பது இம்முறையினரின் சித்தாந்தம்.

பயன் யாதாயிற்று? ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, கதையுரைத்தோரில் நூற்றுக்கு 81 பேரும், தியானஞ் செய்தோரில் நூற்றுக்கு 71 பேரும் மனவடு நோயினின்று நீங்கியிருந்தனர் என்று 2009இல் வெளியான அறிக்கை சொல்லிற்று. முப்பத்தொரு பேரிலே இந்தப் பத்தின் வேறுபாடு ஒன்றை மற்றதினும் சிறந்ததென்று சொல்லத் தாங்காது. எச்சிகிச்சையும் பெறாத மூன்றாம் பிரிவு இல்லாமையால், காலமே ஆற்றியது எவ்வளவென்பதையும் இக்கணக்குக் கொண்டு பிரித்தறிய முடியாது. ஆயினும் அந்நியதேசத்துப் புதுமுறையும் நம் மண்ணின் தியானமும் ஒரே தராசில் வைத்து நிறுக்கப்பட்டமையும், தம் முறையைத் தாமே வகுத்த ஆய்வாளர் எதிர்முறைக்கும் கிடைத்த நற்பயனை மறையாது எழுதியமையும் பெருஞ்செயல்கள். தாம் விரும்பும் முறைக்கே ஆய்வாளரின் கணக்குச் சாய்ந்துவிடும் என்பது இத்துறையிலே பலமுறை காட்டப்பட்ட குறை. அமெரிக்க அரசின் நிதியுதவியோடு மனச்சோர்வுக்கான உளச்சிகிச்சையைச் சோதித்த 55 ஆய்வுகளில் 13 அச்சேறவே இல்லை என்றும், அவற்றையும் சேர்த்துக் கணித்தால் பயனின் அளவு ஏறக்குறைய காற்பங்கு குறைகின்றதென்றும் 2015இலே தெரியவந்தது. மௌனமும் ஒருவகைப் பொய்ச்சாட்சியே.

நன்மை செய்யப் போய்த் தீமை விளைதலும் உண்டு. யாழ்ப்பாண மாவட்டத்துப் பாடசாலைகளிலே 9 முதல் 12 வயது வரையான 399 சிறுவரிடையே, விளையாட்டும் வெளிப்பாடும் எண்ணப் பயிற்சியும் கலந்த 15 அமர்வுத் திட்டமொன்றை வீட்ஸே தொல் முதலியோர் சோதித்து 2012இல் வெளியிட்டனர். துர்நடத்தை குறைந்தது, ஆண்பிள்ளைகளுக்கு மனவடுக்குறிகளிலும் பதற்றத்திலும் பயன் மிகுதியாயிருந்தது, போரின் நெருக்கடி குறைந்திருந்த பிள்ளைகள் கூடுதலாகத் தேறினர். பெண்பிள்ளைகளோ, காத்திருப்போர் பட்டியலிலிருந்த பெண்பிள்ளைகளைவிடக் குறைவாகவே மனவடுக்குறிகளினின்று தேறினர். ஒப்பீட்டுப் பிரிவு இல்லாதிருந்தால் இது தெரிந்தேயிராது; அப்பெண்பிள்ளைகளும் ஓரளவு தேறியதைக் கண்டு எல்லாரும் மகிழ்ந்து, விழா எடுத்துச் சான்றிதழும் வழங்கியிருப்பர். அனர்த்தம் நேர்ந்தவுடன் பாதிக்கப்பட்டவரை அமர்த்தி நடந்ததை ஒரே அமர்விற் சொல்லச் செய்யும் முறை 1980களில் அமெரிக்காவிலே தோன்றி உலகெங்கும் பரவியது. தீக்காயமுற்றோரிடையே அதைச் சோதித்தபோது, பதின்மூன்று மாதத்திற்குப்பின் மனவடு நோயுற்றோர் அம்முறை பெற்றவரில் நூற்றுக்கு 26, பெறாதவரில் நூற்றுக்கு 9. இன்று உலகச் சுகாதார நிறுவனம் அதனை விலக்கி, அருகிருத்தல், பாதுகாப்பு, உணவு, உறவினரோடு சேர்த்தல் என்னும் உளவியல் முதலுதவியையே விதிக்கின்றது. சாவுவீட்டிலே அயலார் செய்துவந்த உபசாரத்திற்கு இது எவ்வளவு அணித்தானது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயர்ந்த பட்டமே உயர்ந்த பயன் தரும் என்ற எண்ணமும் சோதனையிலே நிற்கவில்லை. காரணந்தெரியா உடல்நோவோடு வந்த 150 நோயாளரிடையே சுமதிபால முதலியோர் இலங்கையிலே நடத்திய ஆய்வில், எண்ணத் திருத்தச் சிகிச்சையும், வைத்தியர் ஒழுங்காக நேரமொதுக்கிக் கேட்டுப் பராமரித்தலும் ஒத்த பயனே தந்தன. கோவாவிலே, உளவியற் பட்டமில்லாத உள்ளூர்த் துணையாளர் ஆறு முதல் எட்டு அமர்வுகளில் கொடுத்த எளிய சிகிச்சையினால், கடும் மனச்சோர்வுற்றோரில் மூன்று மாதத்திலே நூற்றுக்கு 64 பேர் தேறினர்; வழமையான பராமரிப்பு மட்டும் பெற்றவரில் 39 பேர்.

இத்தனை சான்றுகளும் இருந்தும் மக்கள் எதனால் நம்புகின்றனர் என்ற வினா எஞ்சுகின்றது. 2008இலே யேல் பல்கலைக்கழகத்து டீனா வைஸ்பெர்க் முதலியோர் ஒரு பரீட்சை செய்தனர்: மனத்தைப் பற்றிய பிழையான விளக்கங்களோடு, பொருளுக்குச் சம்பந்தமில்லாத மூளைநரம்புச் செய்தியொன்றைச் சேர்த்துக் கொடுத்தபோது, பொதுமக்கள் அவ்விளக்கங்களைத் திருப்தியானவையென்று கொண்டனர், அத்துறையின் வகுப்பிலே படித்துக்கொண்டிருந்த மாணவரும் ஏமாந்தனர், நிபுணர் மட்டும் ஏமாறவில்லை. மூளையின் வர்ணப்படமே மக்களை மயக்குகின்றதென்று அவ்வாண்டில் வேறிருவர் சொன்ன முடிவோ, பின்னர் பலமுறை செய்து பார்த்தபோது நிலைக்கவில்லை. 2015இலே உளவியலின் நூறு ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த பெருங்குழு, முன்னே நூற்றுக்கு 97இல் துலங்கிய விளைவு பின்னே 36இலேயே துலங்கியதென்று தன் துறைக்கு எதிராகத் தானே சாட்சி சொன்னது. இப்படிச் சொல்லத் துணிந்த துறையையே நான் நம்புகின்றேன். மூளை, அலை, கதிர், சக்தி என்ற சொற்களை விளம்பரத்திலே தூவி மனநோய் தீர்ப்பதாகச் சொல்வோர் எவரும் தம் தோல்விக் கணக்கை அச்சிட்டதை நான் கண்டதில்லை.

மெய்யான வற்புறுத்தல் எது என்பதற்கு யாழ்ப்பாணத்திலேயே முன்னுதாரணம் உண்டு. 1847இலே இங்கு வந்து மானிப்பாயிலே வைத்தியம் செய்தும் கற்பித்தும் வாழ்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், ஆங்கில மருத்துவத்தைத் தமிழர் தமிழிலே கற்றாலன்றி அது அவர்க்கு உரியதாகாதென்று கண்டு, 1864 முதல் தமிழிலேயே போதித்தார். இரணவைத்தியம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என்று நூல்கள் அவர் முயற்சியால் அச்சேறின. கல்லறையிலே தம்மைத் தமிழருக்கு வைத்திய ஊழியராயிருந்தவரென்றே பொறிக்கச் செய்தார். நம்பு என்று அவர் சொல்லியதினும், படித்துப் பார் என்று கையிற் கொடுத்ததே பெரிது.

ஆதலால் இம்மலரைப் படிக்கும் ஆசிரியர், பெற்றார், வைத்தியர், ஆலய பரிபாலகர் யாவரையும் ஒன்று வேண்டுகின்றேன். உங்கள் பிள்ளைக்கோ பாடசாலைக்கோ ஒரு திட்டத்தைக் கொண்டுவருபவரிடம், இது எதனோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது, எத்தனை மாதம் கழித்துப் பார்க்கப்பட்டது, எவருக்குத் தீங்கு செய்தது என்று மரியாதையோடு கேளுங்கள். விடை சொல்லத் தயங்குபவரிடம் பிள்ளையை ஒப்படையாதீர்கள். மருந்து தேவைப்படும் நோயை மந்திகை ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல நாணாதீர்கள். மனநோய் வைத்தியசாலையைச் சுட்டி, அங்கொடைக்கு அனுப்ப வேண்டிய ஆள் என்று எவரையும் ஏளனஞ் செய்யும் பேச்சை வீட்டிலே விலக்குங்கள். கடற்கோள் கண்ட நம் சிறுவரைப் பற்றிய அந்த 2009ஆம் ஆண்டு அறிக்கை ஆங்கிலத்திலே எவரும் விலையின்றிப் படிக்கக் கிடைக்கின்றது. அதனையும் யாழ்ப்பாணப் பாடசாலைகள் பற்றிய 2012ஆம் ஆண்டு அறிக்கையையும் தெளிந்த தமிழிலே பெயர்த்து, வடமராட்சிப் பாடசாலை நூல்நிலையங்கள் ஒவ்வொன்றிலும் வைக்கும் பணியை, ஆங்கிலமும் உளவியலும் ஒருசேர அறிந்த நம் இளைஞர் இவ்வாண்டிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும்.